எட்டாவது அட்டை

சூரியகாந்தி விதைப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் க்யிம்யிண்டைங் ஊர் வாலிபால் அணியின் அட்டை ஒன்று இருக்கும். வீரர்கள் ஏழு, கோச் ஒன்று என எட்டையும் சேர்க்கும் ரசிகர், அணியின் வேனிலேயே மண்டலே போய் இறுதிப் போட்டியைப் பார்க்கலாம்.

தேவராஜிடம் கேப்டன் மட்டும் இல்லை. வேன் கிளம்ப அரை மணி நேரமே இருந்தது.

"இன்னும் ஒரு பொட்டலம் பிரிக்கட்டா?"

"பிரிங்க. தின்னு தீக்க நான் கிளி இல்ல," என்றாள் மனைவி விஜயகுமாரி.

அதிலும் கோச்தான் முறைத்தார்.

அப்போது, மரியாதைக்கு 'ஊ' சேர்த்து எல்லோரும் அழைக்கும் அணியின் மேனேஜர் ஊ சுப்பையா மூச்சிரைக்க வீட்டுக்குள் வந்தார். தேவராஜின் சட்டைப்பையில் கேப்டன் அட்டையைச் செருகினார்.

"செட்டு முடிஞ்சுது தம்பி. பையை எடு."

"என்னைத் தேடியா வந்தீங்க?"

"உன்னை மாதிரி ரசிகன் வேற யாரு?"

தேவராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேன் கதவைத் திறந்ததும் சுப்பையா டிரைவரிடம் சொன்னார்: "ஆள் கெடச்சாச்சு. நான் வரல, உன்னோட சேத்து ஒன்பது பேர்தான். ஒன்பது பேராப் பயணம் போனா நம்ம ஊர்ல ஆகாதுன்னு பத்தாவதா ஒரு கல்லை ஏத்தினோமே, அதை எறக்கிடு."

இறங்கிய கல்லைக் கோச் ஏக்கத்தோடு பார்த்தார்.

"கல்லுன்னா மண்டலே வரைக்கும் பேசாம வரும்," என்றார்.