பூட்ஸுக்குப் போன மருந்து

அன்றைக்கும் அஸ்லாக் தன் மருந்தைப் பூட்ஸுக்குத்தான் ஊற்றினார்.

ஒரு கரண்டி மீன் எண்ணெய். துணியில் நனைத்து, தோல் பூட்ஸை நுனியிலிருந்து குதிகால் வரைக்கும் தேய்த்தார். மீன்பிடிப் படகில் போய்க்கொண்டிருந்த காலத்தில்கூட அது இப்படிப் பளபளத்ததில்லை. இப்போது அதைப் போட்டுக்கொண்டு போகத்தான் அவருக்கு இடமில்லை.

வயசானவருக்கு அழிச்சாட்டியம் என்று தோன்றும். அந்த எண்ணெயை அவர் குடிக்கிறாரா என்று பார்ப்பதற்காகவே ஒரு நர்ஸ் வாராவாரம் பனியில் வழுக்கிக்கொண்டு வருகிறாள் என்றால், இன்னும் கோபம் வரும்.

நார்வேயின் அந்த வடகோடித் தீவில் நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன், ஜனவரி பாதியில்தான் எட்டிப் பார்க்கும். இருட்டு மாதங்களில் தினம் ஒரு கரண்டி மீன் எண்ணெய் குடிக்க வேண்டும் என்பது அங்கே பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். மனைவி இருந்தவரை கரண்டி அஸ்லாக்கின் வாயைத் தேடி வந்தது. அவள் போன பிறகு அவர் கரண்டியையே மறந்துவிட்டார்.

இலையுதிர் காலத்தில் ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர் அதட்டினார்.

"வைட்டமின் டி அதல பாதாளத்துல கிடக்கு. எலும்பு என்னத்துக்கு ஆகும்? செவ்வாய்க்கிழமை தோறும் நர்ஸ் வருவாங்க. அளவு ஏறுற வரைக்கும் விடமாட்டாங்க."

அப்படி வந்தவள்தான் தூரிட். நடுத்தர வயது, கணீரென்ற குரல்.

"என்ன பெரியவரே, கரண்டி ஒழுங்கா போகுதா?"

"தினமும் போகுதும்மா."

போவது உண்மை. எங்கே போகிறது என்று அவள் கேட்கவில்லை.

"வெயில் நல்லா முகத்தைக் காட்டட்டும். தெற்குப் பக்கச் சுவர்ல சாய்ஞ்சு உக்காந்துக்கலாம். அதுவரைக்கும் கரண்டிதான் சூரியன்."

காபி குடிப்பாள். யார் வீட்டுக் கூரையைக் காற்று தூக்கியது, யார் மகள் யாரோடு போனாள் என்று ஊர்க்கதை எல்லாம் சொல்வாள். அவள் கிளம்பிப் போனால் வீடு வாயடைத்துப்போகும். ஒஸ்லோவில் இருக்கிற மகன் ஃபோன் செய்தால் உண்டு. குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே சில நாள் அஸ்லாக் வேண்டுமென்று இருமுவார்.

பிப்ரவரியில் மறுபடி ரத்தம் எடுத்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்குக் காபியே இறங்கவில்லை.

"ஏறிடுச்சாம்மா?"

"எங்க ஏறுது! இன்னும் கொஞ்ச நாள் நான் வர வேண்டியதுதான்."

அஸ்லாக் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவள் கதவைச் சாத்தியதும் விசிலடித்தார்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குட்டு உடைந்தது. கதவைத் தட்டிவிட்டு தூரிட் நேராக உள்ளே வந்துவிட்டாள்.

"நாளையிலருந்து புயலாம். செவ்வாய்க்கிழமை வர முடியாது, அதான் இன்னைக்கே..."

பேச்சு பாதியில் நின்றது. தரையில் எண்ணெய் பாட்டில், கரண்டி, துணி, நடுவில் மினுமினுக்கும் பூட்ஸ்.

"யாருக்கு வைட்டமின் குறைச்சல்? உங்களுக்கா, பூட்ஸுக்கா?"

அஸ்லாக் கையில் முள்கரண்டியோடு தட்டின் மேல் குனிந்துகொண்டார். தூரிட்டின் பார்வை மேசைக்குப் போனது. வேகவைத்த காட் மீன், சினை, உருளைக்கிழங்கு. பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய மீன் ஈரல், தன் எண்ணெயிலேயே மிதந்துகொண்டிருந்தது.

"இதை எத்தனை நாளா சாப்பிடறீங்க?"

"ஜனவரியில மீன் வந்ததிலருந்து. படகுக்காரப் பசங்க வாசல்ல வச்சுட்டுப் போயிடுவாங்க. வாரத்துல ரெண்டு மூணு தரம். ஏன்?"

"ஏனா? பாட்டில்ல இருக்கிறது இந்த ஈரலைப் பிழிஞ்ச எண்ணெய்தான்யா! கரண்டி கரண்டியா பூட்ஸுக்குக் குடுத்துட்டு, கிண்ணம் கிண்ணமா நீங்க உள்ள தள்ளியிருக்கீங்க!"

தெரியாமல் என்ன? காலமெல்லாம் அந்த மீனைப் பிடித்தவர்தானே. ஆனால் மருந்து கரண்டியில் வரும், சாப்பாடு தட்டில் வரும் என்றே இருந்துவிட்டார். அஸ்லாக்குக்கு இப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப ஏறியிருக்கும்."

"ஏறாம?"

"ஏறக் கூடாதுன்னுதானேம்மா இவ்வளவும் பண்ணினேன்." அவர் ஈரல் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். "ஏறிட்டா நீ வரமாட்டே. வாரம் முழுக்க நான் வாயைத் திறந்து பேசறது உன்கிட்ட மட்டும்தான். மறுபடி ரத்தம் எடுத்தா தெரிஞ்சுடும். எடுத்துக்கோ. நீ திட்டினாலும் சரிதான்."

தூரிட் திட்டவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அலமாரியிலிருந்து தட்டு ஒன்றை எடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பிப்ரவரியிலேயே ஏறிடுச்சு. இனிமே அங்க போக வேண்டாம்னு ஆபீஸ்ல அப்பவே சொல்லிட்டாங்க," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "அந்த உருளைக்கிழங்கை இப்படித் தள்ளுங்க. என் வீட்லயும் தினம் ஒரு தட்டைத்தான் கழுவிக் கவுக்கறேன், பெரியவரே."