சாமியில்லாத் தவக்காலம்

"சார், உங்ககிட்டத் தனியாப் பேசணும்."

மண் சலிக்கும் இயந்திரம் அப்போதுதான் நின்றிருந்தது. அவள் சொன்னது சோதனைக்கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. எதை வேண்டுமானாலும் கேள், நாலு பேர் முன்னால் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று மேலாளர் அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அவர் மண் தட்டிலிருந்து நிமிரவில்லை. "சாம்பிள் ரூம்ல இரு. வரேன்."

"சம்பள உயர்வாடி?" டைப்பிஸ்ட் அக்கா காதைக் கடித்தாள். "நேரம் பாத்துக் கேக்கக் கூடாதா? மனுஷன் விரதத்துல இருக்காரு."

விரதம் சாமிக்காக அல்ல. மேலாளருக்கும் சாமிக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் பிறந்தால் எதையாவது ஒன்றை விட்டுவிடுவார். "சொர்க்கத்துக்கு டிக்கெட் வாங்கறதுக்கில்லப்பா. நம்ம மனசு நம்ம சொல்லுக் கேக்குதான்னு ஒரு பரீட்சை, அவ்வளவுதான்" என்பார். முந்தின வருஷம் சிகரெட். போன வருஷம் சர்க்கரை. அவரைப் பார்த்து மற்றவர்களும் சூடு போட்டுக்கொள்வார்கள். டைப்பிஸ்ட் அக்காகூட இந்த முறை வம்பு பேசுவதை விட்டிருந்தாள், முதல் நாள் மத்தியானம் வரைக்கும்.

"இந்த வருஷம் என்னத்த விட்டாருன்னு வாயே திறக்கல பாரேன்," என்றாள் அக்கா. "டீயில சர்க்கரை கரண்டி கரண்டியா விழுது. பையில சிகரெட்டு. எனக்கென்னமோ கதை விடறாருன்னுதான் தோணுது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்கும் தெரியாமல் அவரோடு இரண்டு வருஷத்துக்கு மேலான பழக்கம். வீட்டில் சொல்லிக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்ற வாய், வாரக்கணக்கில் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், தெருவே கொண்டாடிய பெண், அவர் கூப்பிடுவாரோ என்று குளிக்கப் போகும்போதும் போனைத் தூக்கிக்கொண்டு போனாள். நினைத்தால் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

வேறு ஊரில் பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். 'போகாதே' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேண்டாம் என்றுவிடுவாள்.

சாம்பிள் ரூமில் ஈரமண் மூட்டைகளுக்கு நடுவே நின்றாள். அவர் வந்து கதவைச் சாத்தினார்.

"அறிவிருக்கா உனக்கு? எல்லார் முன்னாடியுமா கேப்ப?"

"நான் என்ன தப்புப் பண்ணேன்? அதையாவது சொல்லுங்க."

"நீயா? ஒண்ணும் பண்ணல."

"உங்க வீட்டுல ஏதாவது சொன்னாங்களா?"

"சேச்சே, அவங்களுக்கு எங்க தெரியும்?"

"அப்ப வேற யாராவது..." கேட்கும்போதே நாக்குக் கூசியது.

அவர் சிரித்தார். வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பையனின் சிரிப்பு.

"மக்கு, மக்கு. விடவே முடியாதுன்னு எதை நினைக்கிறோமோ அதை விடணும். அதுதான் கட்டுப்பாடு. சிகரெட், சர்க்கரையெல்லாம் ஜுஜுபி. இந்த வருஷம் நான் விட்டது உன்னைத்தான்."

சிகரெட். சர்க்கரை. அப்புறம் அவள். சிகரெட்டை விட்ட வருஷம் கெடு முடிந்ததும் முதல் சிகரெட்டை அவர் வாயில் வைத்துப் பற்றவைத்தவளும் அவள்தான். 'ஜெயிச்சிட்டீங்க' என்று கைகூடத் தட்டியிருந்தாள். இப்போது அந்தக் கைகளை எங்கே கொண்டுபோய் ஒளிப்பதென்று தெரியவில்லை.

"நியாயமாப் பாத்தா நீ பெருமைப்படணும்," என்றார் அவர். "இன்னும் ஒரு வாரம் பொறு. ஈஸ்டர் முடியட்டும், எல்லாம் பழையபடிதான்." கன்னத்தைத் தட்ட நீண்ட கை, விரதம் ஞாபகம் வந்து பாதியில் நின்றது.

அவள் மண் படிந்த மேலங்கியைக் கழற்றி மூட்டையின் மேல் போட்டாள். போனை எடுத்து அந்த ஊருக்குப் பேசினாள். "வரேங்க. திங்கட்கிழமையே சேர்ந்துடறேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். வெளியே டைப்பிஸ்ட் அக்கா கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளை ஒதுக்கி நடந்தபடியே, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"நானும் ஒண்ண விட்டுட்டேன் சார். ஆனா எனக்கு ஈஸ்டர் கிடையாது."