கை காட்ட ஒரு ஆள்

உப்புவெளியில் படகுகளைக் கரையேற்றி நிறுத்தும் யாட் ஒன்றை வைத்திருக்கும் அபூதாஹிர், ட்ரெயிலரில் ஏற்றிய படகுகளை யாட்டுக்குள் இடம் மாற்றி நிறுத்த ஒரு வாகனம் தேடி விற்பனை நிலையத்துக்கு வந்திருந்தார். விற்பனைக்காரன் நுஸ்கி முதலில் புது பிக்கப்பைக் காட்டினான். வேண்டாம் என்றார். பெரிய டிரக்டரைக் காட்டினான். அதுவும் வேண்டாமாம்.

"சின்ன டிரக்டர் போதும், தம்பி. ஆனா ட்ரெயிலர் கொழுவுற கொழுக்கிய முன்னுக்குப் பூட்டித் தரணும். படகப் பாத்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போகணும்."

நுஸ்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன அபூதாஹிர் நானா, ரிவர்ஸ் எடுக்க ஏலாதா உங்களுக்கு?"

"இருபது வருசமா எடுத்தனான்."

"பிறகென்ன? முன்னுக்குப் பூட்டுறது வீண் வேலை. பின்னுக்கு ஒரு ஆள் நிண்டு கை காட்டினாப் போதும்தானே."

அபூதாஹிர் டிரக்டரின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ட மனுசிதான் எப்பவும் பின்னுக்கு நிண்டு கை காட்டுறவ," என்றார் கடைசியில். "போன மாசமும் அவதான் நிண்டவ. படகு மறைச்சிட்டுது. அவ கால் தடுக்கி விழுந்தத நான் காணல்ல."

நுஸ்கிக்குச் சிரித்த முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ட்ரெயிலர் அவ மேல ஏறி நிண்ட பிறகுதான், தம்பி, இறங்கிப் பாத்தனான்."