சுவரடிச் சூசையப்பர்

"அது சுவரா மேடம்? நல்லா தொந்தி போட்டிருக்கு" என்றான் கர்ட்.

வீட்டுக்காரி வாண்டா புகையை ஊதினாள். எழுபது வயதிருக்கும். தரகர் வைக்காமல் வீட்டைத் தானே விற்கிறாள். பின்பக்கப் படியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஏப்ரல். பனி உருகி முற்றம் முழுக்கச் சேறு.

வாங்குமுன் வீட்டைப் பரிசோதிக்க நாங்கள் அமர்த்தியவர் நாற்பத்தெட்டுப் பக்க அறிக்கை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பேஸ்மென்ட் சுவர் உள்பக்கமாக வளைந்திருக்கிறது. கழிவுநீர்க் குழாயில் மரவேர். கூரை இன்னும் மூன்று குளிர்காலம் தாங்கினால் அதிகம்.

கர்ட் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குரலில் வாசித்தான். அடுத்தவர் குறைகளை வாசிப்பதில் என் கணவனுக்கு ஒரு சங்கீத ஞானம் உண்டு.

வாசித்து முடித்து, நாற்பதாயிரம் டாலர் குறைக்கச் சொன்னான்.

"நாப்பதா? தம்பி, கதவுக் கைப்பிடிய மட்டும் கழட்டிட்டுப் போறியா? நீ சொல்ற விலைக்கு அதுதான் சரியா இருக்கும்" என்றாள் வாண்டா. "பத்து குறைப்பேன். அதுக்கு மேல ஒரு டாலர் கிடையாது."

எனக்கு இந்த வீடே வேண்டாம் என்றிருந்தது. காலையில் காரிலேயே சொன்னேன். பதினொரு வருடச் சேமிப்பை ஒரு தொந்திச் சுவருக்குக் கொடுக்கவா என்று கேட்டேன்.

"உனக்குப் பேரம் பேசத் தெரியாது. பயமா இருந்தா வெளிய நில்லு" என்றான்.

வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன்.

விரிசல் மண்ணுக்குக் கீழேயும் போகிறது என்று நிரூபிக்க, கர்ட் அவளுடைய களைக்கொத்தையே எடுத்துச் சுவரடியில் தோண்டினான். ஒரு சாண் ஆழத்தில் ஏதோ தட்டியது. பிடித்து இழுத்தான்.

கையளவு பிளாஸ்டிக் சிலை: இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். கால் மேலே, தலை கீழே.

வீடு விலைபோகாதவர்கள் இங்கே செய்வதுதான். சூசையப்பரைத் தலைகீழாகப் புதைத்தால் வாங்க ஆள் வரும். விற்றதும் மறக்காமல் தோண்டி எடுத்து, கழுவி, போகிற வீட்டில் வைக்க வேண்டும்.

கர்ட் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"இவ்வளவு தவிப்பா மேடம்? சாமியையே தலைகீழா நட்டு வெச்சிருக்கீங்க. நாப்பதெல்லாம் பழைய பேச்சு. ஐம்பது குறைங்க."

வாண்டா சிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிகரெட்டைப் படியில் நசுக்கினாள்.

"சரி. ஐம்பது."

அவ்வளவுதான்.

கர்ட் சிலையை என் கையில் திணித்துவிட்டு, வக்கீலுக்குப் போன் செய்ய வேலிப் பக்கம் போனான். போரில் ஜெயித்தவர்கள்கூட இவ்வளவு அகலமாக நடந்திருக்க மாட்டார்கள்.

நான் சூசையப்பரைப் புல்லில் துடைத்து வாண்டாவிடம் நீட்டினேன். அவளோடு போக வேண்டியவர் அல்லவா.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"அது என்னோடது இல்லம்மா. என்னோடத வாசப்பக்கம், தபால்பெட்டிக்குக் கீழ புதைச்சேன். போகும்போது எடுத்துக்குவேன்."

"அப்போ இது?"

"எங்களுக்கு இந்த வீட்ட வித்தவனோடதா இருக்கும். இத எடுக்கக்கூட நிக்காம ஓடியிருக்கான் பாரு. அதப் பாத்துத்தான் நானும் ஐம்பதுக்குச் சரின்னுட்டேன்." எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "என் வீட்டுக்காரரும் அன்னிக்கு அடிச்சுப் பேசித்தான் வாங்கினார். சாயங்காலம் வரைக்கும் சிரிச்சிட்டே இருந்தார்."

கர்ட் திரும்பி வந்தான். வக்கீல் அனுப்பிய புதிய ஒப்பந்தம் அவன் போனில் இருந்தது. அவன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான். என் பெயருக்கு நேராக மட்டும் காலி இடம்.

"கர்ட், இந்தச் சிலை..." என்றேன்.

"குப்பையில போடு. முதல்ல கையெழுத்தப் போடு."

விரலில் சேறு. திரை ஏற்கவில்லை. தன் கைக்குட்டையால் அவனே என் விரலைத் துடைத்துவிட்டான். இரண்டாம் முறை ஏற்றது.

வழியெல்லாம் கர்ட் சிரித்துக்கொண்டே கார் ஓட்டினான்.

நான் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். சூசையப்பர் இருந்தார். விரலால் தடவிப் பார்த்தேன்.

தலை கீழேதான் இருந்தது.