நம்பர் இல்லாத கதவு

மாலை வெயில் கூடத்தில் அப்பாவின் பெட்டிமேல் படுத்துக்கிடக்கிறது. விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டுகூட இன்னும் கிழிபடவில்லை. விற்பனை மேலாளரான அப்பா சோபாவில் சாய்ந்து காலை நீவிக்கொண்டிருக்கிறார். அடுக்களையில் அம்மா பாத்திரம் துலக்கும் சத்தம். மகள் அப்பாவின் கைப்பேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போகிறாள். கடல் இல்லை, கோபுரம் இல்லை. எல்லாம் கதவு, ஒவ்வொன்றிலும் ஓர் எண். "என்னப்பா, ஊர் ஊராப் போய் கதவைப் படம் புடிச்சிட்டு வர்றே?" "ஓட்டல் ரூம்மா. சாவி அட்டையில நம்பர் இருக்காது. ஒரு தடவ அடுத்தவன் ரூம் கதவைப் போட்டு ஆட்டி மானமே போச்சு. அதுலேர்ந்து நுழையும்போதே ஒரு போட்டோ."

அவள் விரல் கடைசிப் படத்தில் நிற்கிறது. நீலக் கதவு. எண் இல்லை. அடியில் அவள் ஒட்டிய வாத்து ஸ்டிக்கர், வால் உரிந்து அப்படியே இருக்கிறது. "இது நம்ம வீடுப்பா!" அவர் வாங்கி உற்றுப் பார்க்கிறார். "அட, மத்தியானம் வந்தப்போ கை தானா எடுத்திருக்கு." சிரிக்கிறார். அவள் சிரிக்கவில்லை. சம்மணம் போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்கிறாள். "சரி, நான் எத்தனாவது படிக்கிறேன், சொல்லு பார்ப்போம்." அப்பாவின் கண்கள் மெல்ல அடுக்களைப் பக்கம் நழுவுகின்றன. அங்கே பாத்திரச் சத்தம் நின்றுவிடுகிறது.