ஃப்ரிட்ஜ் கதவில் ஆறு பெயர்

"இன்னா தின்ன, அத்தச் சொல்லு மொதல்ல—"

"ஒண்ணும் தின்னலன்னு எத்தினி வாட்டி—"

"அப்ப புள்ளைக்கு ரத்தம் எங்கேர்ந்து வருது?"

புருஷன் ஃபைசல் பிள்ளையின் துணியை நீட்டிக்கொண்டு நின்றான். வெள்ளைத் துணி. நடுவில் சளி மாதிரி, அதற்குள் சிவப்பாக ஓர் இழை. அஃப்சானா அதைப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அவள் வாயைக் கட்டி இன்றோடு பதினாறு நாள்.

ஐந்து மாதப் பிள்ளை ஷாரிக்குக்குக் கன்னமெல்லாம் சிவந்து தடித்து, வெளிக்குப் போனால் ரத்தமும் சேர்ந்து வந்தபோது, டாக்டரம்மா பிள்ளையை விட்டுவிட்டுத் தாயைத்தான் விசாரித்தார். நீ தின்பது பாலில் இறங்குகிறது, அதில் ஏதோ ஒன்று இவனுக்கு ஆகவில்லை என்றார். ஆறு பொருளை மொத்தமாக நிறுத்து, வயிறு அடங்கட்டும், அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்து எது என்று பிடிக்கலாம்.

பால், முட்டை, கோதுமை, மல்லாக்கொட்டை, சோயா, மீன். அஃப்சானா தன் கையாலேயே எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

மூன்று வாரத்தில் அடங்காவிட்டால் தாய்ப்பாலையே நிறுத்திவிட வேண்டியதுதான் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். வரும் திங்கட்கிழமை மூன்று வாரம் முடிகிறது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறும் பூசணிக்காயும்தான். எதிரே உட்கார்ந்து நாத்தனார் ஃபைஜா சாப்பிடுவாள். பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவள். புருஷன் ஷார்ஜாவில், பெண் பிறந்து மூன்று மாதம். பெற்ற உடம்பு தேற வேண்டுமென்று மாமியார் மெஹர் நிஷா மகளுக்குத் தினம் இரண்டு முட்டையும் ஒரு தம்ளர் பாதாம் பாலும் வைப்பார். அஃப்சானாவைப் பார்த்துவிட்டால் ஃபைஜா தம்ளரைக் கையால் மறைத்துக்கொள்வாள். அவ்வளவு நல்லவள்.

ஃபைஜாவின் பெண் பிறந்த அன்றே, ஷாரிக்குக்குத்தான் இவள் என்று மாமியார் வாயால் சொல்லியாயிற்று. அதிலிருந்து அஃப்சானாவும் ஃபைஜாவும் ஒருத்தியை ஒருத்தி சம்மந்தி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

சம்மந்தியை நம்பித்தான் பிள்ளையை விட்டுவிட்டு அஃப்சானா திருவாண்டார்கோயில் கம்பெனிக்குப் போகிறாள். விடியுமுன் எழுந்து பாலைப் பீய்ச்சி, வீட்டிலிருக்கும் இரண்டே பாட்டிலிலும் நிரப்பி, ஈரத் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைப்பாள். சாயங்காலம் இரண்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். வந்த கையோடு பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொள்வாள். போடும்போதெல்லாம் அதே கேள்வி. பாலைத்தான் கொடுக்கிறேனா, விஷத்தைக் கொடுக்கிறேனா.

ஃபைசல் விடவில்லை. கேன்டீன் டீயில் பால் இல்லையா என்றான். யாராவது பிறந்தநாள் கேக்கு நீட்டியிருப்பார்கள், வாங்கித் தின்றுவிட்டு மறந்திருப்பாய் என்றான். பயந்தவன் பேசுகிற பேச்சு அது என்று அவளுக்கும் தெரியும்.

கம்பெனிப் பையை இழுத்து, ஜிப்பைத் திறந்து, சோற்று டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். காலையில் அமுக்கி வைத்த சோறு அப்படியே இருந்தது. ஒரு வாய் அள்ளிய தடம் இல்லை.

"பூசணிக்காயும் ஆவலியோன்னு பயம். காலைலேர்ந்து வெறும் தண்ணி."

ஃபைசல் துணியைக் கீழே இறக்கினான்.

டப்பாவை எடுத்த பிறகும் பை கனத்தது. அவள் உள்ளே கைவிட்டாள். ஈரம் காய்ந்த துணி தட்டுப்பட்டது.

இரண்டு பாட்டில்.

இரண்டிலும் கழுத்துவரை பால். திரிந்து, மேலே கட்டியாக மிதந்தது.

காலையில் பஸ்காரன் ஹாரன் அடித்த அவசரத்தில், டப்பாவோடு சேர்த்து இதையும் பைக்குள் போட்டிருக்கிறாள். பகலெல்லாம் பையைத் திறக்கவேயில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவள் போன் போட்டபோது ஃபைஜா சொன்ன பதில் காதிலேயே இருந்தது. ரெண்டு பாட்டிலும் காலி, குடித்துவிட்டுத் தூங்குகிறான்.

அஃப்சானா நிமிர்ந்தாள்.

ஃபைஜா அறை வாசலில் நின்றாள். தோளில் ஷாரிக். நாளெல்லாம் பட்டினி கிடந்த பிள்ளையின் முகம் இல்லை அது. அவளுடைய துப்பட்டாவுக்குள், பழகிய இடத்தைத் தேடுவதுபோல மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தான்.

பாட்டில் ரப்பரைத் துப்பிவிட்டு வீறிடுகிறான், பார்க்க முடியவில்லை என்று, அஃப்சானா வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில் ஃபைஜாதான் அழுதாள். அடுத்த வாரமே பழகிவிட்டான் என்றாள். எப்படிப் பழகினான் என்று அஃப்சானா கேட்கவில்லை.

ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி. அவர்களுக்குள் நிக்காஹ் கிடையாது. அந்த வீட்டில் அது தெரியாதவர் யாருமில்லை.

ஃபைசலுக்கு இன்னும் விளங்கவில்லை. டப்பாவையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான். உள்ளே மாமியார் தொட்டிலை ஆட்டியபடி, என் பேரன் பொண்டாட்டி, என் பேரன் பொண்டாட்டி என்று பேத்தியைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

ஃபைஜாவின் உதடு அசைந்தது. சொல்லிவிடாதே என்பதுபோல ஒரு பார்வை.

சம்மந்தி என்று கூப்பிட அஃப்சானாவுக்கு வாய் வரவில்லை. உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"ஃபைஜா, காலைல நீ இன்னா சாப்ட்ட?"