நேர் மேலே, பதினோரு கிலோமீட்டர்

ஃபோனில், பறக்கும் விமானங்களைக் காட்டும் வரைபடத்தில், அந்த மஞ்சள் விமானம் சங்ககிரியைத் தாண்டியபோது, வேகம் மணிக்கு எண்ணூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் என்று காட்டியது.

உள்ளே அப்பா ஒரு மூச்சு விட்டு அடுத்ததை இழுப்பதற்குள் என்னால் பத்துவரை எண்ண முடிந்தது.

ஆஸ்பத்திரியில் நேற்றே வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஸ்பூன் பால் ஊற்றியாகிவிட்டது. கோகுல்ராஜ் அண்ணன்தான் பாக்கி.

ஆப்பிரிக்காவில் ரிக் வண்டியில் போர்வெல் போடுகிற வேலை அண்ணனுக்கு. கிடைத்த டிக்கெட் சென்னைக்கு. அந்த மஞ்சள் விமானத்தில்தான் வந்துகொண்டிருந்தான். இறங்கி, காரில் ராசிபுரம் வந்துசேர இன்னும் ஆறு மணி நேரம். சாயங்காலம்வரை அப்பா தாங்க வேண்டும்.

“அவன் ஊட்டுக்குள்ள கால் வெக்கறவரைக்கும் வந்துட்டான்னு யாரும் பேச்செடுக்காதீங்க” என்றார் சாலம்மாள் அத்தை. “மகனுக்குன்னுதான் எங்கண்ணன் உசுரப் புடிச்சிட்டிருக்குது. காதுல உழுந்தா உட்ரும்.”

போன தடவை கிளம்பும்போது அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். மழையில் விமானம் எழும்ப, இறக்கையின் முதுகில் வெள்ளையாக ஏதோ படர்ந்தது. கிழிந்தது. மறுபடி படர்ந்தது.

முப்பது வருடம் லாரி ஓட்டிய அப்பா பதறிவிட்டார். “தொப்பூர் எறக்கத்துல ப்ரேக்கு இப்பிடித்தான் பொகையும். ஓரங்கட்டச் சொல்லு புள்ள!”

புகை இல்லை, இறக்கைமேல் வேகமாக ஓடும் காற்று சட்டென்று குளிர்ந்து அதிலிருக்கும் ஈரம் பனிபோலத் தெரிகிறது என்று அண்ணன் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன்.

“என்னமோ. எதுக்கும் தண்ணி ஊத்திட்டு எடுக்கச் சொல்லு.”

மஞ்சள் விமானம் ராசிபுரத்தைத் தொட்டது. வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தேன்.

நேர் மேலே, நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளி. பின்னால் மெல்லிய இரண்டு கோடுகள்.

முப்பத்தாறாயிரம் அடி. பதினோரு கிலோமீட்டர். சேலம் போகிற தூரத்தில் பாதிகூட இல்லை. அவ்வளவு பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். இறங்கத்தான் வழியில்லை.

நான் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அன்று தெருவுக்கே கேட்டது.

“அண்ணன் வந்துருச்சு!”

ஆகாயத்தைப் பார்த்துத்தான் கத்தினேன்.

உள்ளே அத்தை அப்பாவின் காதருகே குனிந்துவிட்டார்.

“கோகுலு வந்துட்டானுங்ண்ணா. கண்ணத் தொறங்க.”

இரண்டு நாளாக மூடியிருந்த கண்கள் திறந்தன. வாசலைத் தேடின. வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கே நான் நின்றிருந்தேன்.

அத்தை எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தெருவில் கார் எதுவும் இல்லை. என் முகத்தைப் பார்த்தார். என் கையில் இருந்த ஃபோனைப் பார்த்தார். பால் ஸ்பூனை என் பக்கம் நீட்டினார்.

ஊற்றினேன். அப்பாவின் தொண்டை அசைந்தது. விரல்கள் தடவித் தடவி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தன.

“எளச்சுப் போய்ட்டயே, சாமி.”

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

பிடி மெல்லத் தளர்ந்தது. அத்தை அப்பாவின் கண்களை மூடிவிட்டார்.

அண்ணன் சென்னையில் இறங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. இறங்கியதும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவான்.